ஏறுகிற பிள்ளையும் கயிறு பிடிக்கிற பிள்ளையும்: பள்ளி சாகச முகாம்கள் பற்றி ஒரு விவாத இழை

ஜூன் 3, காலை (கேள்வி)

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று நாள் சாகச முகாமுக்குக் கூட்டிப் போகிறார்களாம். பாறை ஏறுதல், மலைநடை, படகு, கூடாரத்தில் தங்கல். சுற்றறிக்கையில் ‘உடல் வலிமை, குழு உணர்வு, தலைமைப் பண்பு வளரும்’ என்று போட்டிருக்கிறது. மூன்று நாளில் யாருக்கு உடல் வலிமை வரும்? வகுப்பில் வராத குழு உணர்வு காட்டில் எப்படி வரும்? எனக்கு இது சுற்றுலாவாகத்தான் தெரிகிறது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு நேரில் போய் வந்தவர்கள் யாராவது விளம்பர வாசகம் இல்லாமல் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

உடற்கல்வி ஆசிரியை நான். வருடாவருடம் பிள்ளைகளோடு போகிறேன். உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. மூன்று நாளில் தசை வளராது, மூச்சுத்திறன் கூடாது. உடம்பு அப்படி மாற வாரக்கணக்கில் விடாமல் பயிற்சி செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும்படியான உடலியக்கம் வேண்டும் என்கிறது. தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது வேண்டும். இதை எந்த முகாமும் ஈடுகட்டாது. ‘உடல் வலிமை’ என்று அச்சடித்தவர்கள் யோசித்து அச்சடிக்கவில்லை.

ஆனால் வலிமை கூடாவிட்டாலும் உடம்பு நிறையக் கற்றுக்கொள்கிறது. தரை ஓட்டிலும் சிமெண்ட்டிலும் மட்டுமே நடந்து பழகிய பிள்ளையை மலைப்பாதையில் விட்டுப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் பார்வை தன் காலைவிட்டு நகராது. குதிகாலை முதலில் ஊன்றும், வழுக்கும், கையை நீட்டும். இரண்டாம் நாள் அதே பிள்ளை நாலு அடி தள்ளிப் பாதையைப் பார்த்துக்கொண்டே நடக்கும். எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று பாதமே பார்த்துச் சொல்லிவிடும். இதை மைதானத்தில் நான் சொல்லிக்கொடுக்க முடியாது, மைதானம் சமமாக இருக்கிறது.

இன்னொன்று வேகம். எல்லாப் பிள்ளையும் ஓட்டமாகத்தான் தொடங்கும், கால் மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் நட’ என்பது மட்டும்தான் நான் தருகிற விதி. மூச்சு முட்டினால் வேகம் அதிகம், பாட்டுப் பாட முடிந்தால் குறைவு. பள்ளியில் என் விசிலுக்கு ஓடி என் விசிலுக்கு நிற்பார்கள். மலையில் விசில் கிடையாது, அவரவர் மூச்சைக் கேட்டு அவரவர் முடிவெடுக்க வேண்டும். பதின்மூன்று வயதில் இது பெரிய பாடம்.

குழு உணர்வு பற்றி நாளை.

ஜூன் 4, மாலை

நேற்று விட்ட இடத்திலிருந்து.

பாறை ஏறும்போது எல்லாரும் படமெடுப்பது மேலே இருக்கிற பிள்ளையை. நான் பார்ப்பது கீழே நிற்கிற மூன்று பேரை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மேல்கயிறு முறைதான். கயிறு பாறை உச்சியில் உள்ள நங்கூரத்தை, அதாவது அதைத் தாங்கும் உறுதியான பிடிப்பை, சுற்றிக் கீழே வரும். ஒரு முனை ஏறுகிறவரின் ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) ‘8’ வடிவ முடிச்சாக இருக்கும். மறுபக்கம், கீழே நிற்பவரின் இடுப்பில் மாட்டிய பிலே கருவிக்குள் போகும். பிலே என்றால் ஏறுகிறவர் விழாதபடி கீழிருந்து கயிறைப் பிடித்துக் காப்பது. மேலே ஒரு அடி ஏறினால் கீழே ஒரு அடி கயிறை உள்ளிழுக்க வேண்டும். ‘பிரேக் கை’ என்று ஒரு கை உண்டு. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அந்தக் கை கயிறை விடக்கூடாது. பின்னால் இன்னொரு பிள்ளை அதே கயிறின் வாலைப் பிடித்திருக்கும். மூன்றாவது பிள்ளை கயிறு சிக்காமல் சுருட்டி வைக்கும்.

ஒரு முறை, வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி பிலே செய்துகொண்டிருந்தாள். மேலே இருந்தவன் ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் முதலில் வருகிறவன். உச்சிக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது மாட்டிக்கொண்டான். கை இரண்டும் பாறையை அணைத்தபடி, கால் வெடவெடவென்று ஆடியது. அவளிடமிருந்து சத்தம் வந்தது: “கயிறு இறுக்கமாத்தான் இருக்கு. வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கு, அங்கே ஒரு விளிம்பு இருக்கு. இன்னும் கொஞ்சம் வெளியே. அதேதான்.” அவன் கீழே பார்க்காமல் “பிடிச்சிருக்கியா?” என்றான். “பிடிச்சிருக்கேன்.” அவன் காலைத் தூக்கினான்.

அந்தப் பத்து நிமிடமும் அவள் கண் அவன்மேல்தான் இருந்தது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அவ்வளவு நேரம் கவனம் பிசகாமல் பார்ப்பது பள்ளியில் எங்கே நடக்கிறது? வகுப்பில் ‘குழு வேலை’ என்று கொடுத்தால் ஒருவர் எழுதுவார், மூன்று பேர் பெயர் போடுவார்கள். கயிற்றில் பெயர் போட முடியாது. ‘கொஞ்சம் தள்ளி’, ‘அந்தப் பக்கம்’ என்றெல்லாம் சொன்னால் மேலே இருப்பவருக்குப் புரியாது, அவர் நிற்கும் இடத்திலிருந்து யோசித்துச் சொல்ல வேண்டும். ஏறுகிற பிள்ளை தைரியம் கற்கிறது, சரி. கயிறு பிடிக்கிற பிள்ளை கற்பதற்கு எடை அதிகம் என்பது என் கட்சி.

ஜூன் 4, இரவு

‘பதின்மூன்று வயதுப் பிள்ளை கையில் இன்னொரு பிள்ளை உயிரா?’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி.

கயிறு கைக்கு வருவதற்கு முன் தரையில் நடந்து நடந்து பழக வேண்டும். ஏறுகிறவர் நடப்பார், பிடிக்கிறவர் இழுப்பார். பயிற்றுநர் திருப்தி அடைந்த பிறகுதான் பாறை. அதன்பிறகும் பயிற்றுநர் பிரேக் பக்கக் கயிற்றில் கை வைத்தபடி பக்கத்திலேயே நிற்பார். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன் இருவரும் ஒருவரை ஒருவர் சோதிப்பார்கள்: முடிச்சு, ஹார்னஸ் பக்கிள், காரபினர் (கொக்கி வளையம்) பூட்டு, ஹெல்மெட். சோதனை என்றால் கண்ணால் பார்ப்பது போதாது, விரலால் தொட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். எடை குறைந்த பிள்ளை பிடித்து எடை கூடிய பிள்ளை ஏறினால், மேலே இருப்பவர் தொங்கும்போது பிடிப்பவர் தரையிலிருந்து தூக்கப்படுவார். அதற்காகப் பிடிப்பவரைத் தரையில் உள்ள நங்கூரத்தோடு கட்டுவார்கள்.

ஒரு கயிற்றுக்கு ஒரு பயிற்றுநர் இல்லாத இடத்தில் பிள்ளைகளை பிலே செய்ய விடக்கூடாது. அதில் பேரமே இல்லை.

ஜூன் 6

‘உங்கள் அனுபவம் இருக்கட்டும், ஆய்வு ஏதாவது உண்டா?’ உண்டு. ஜான் ஹாட்டியும் மூன்று சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. சாகசக் கல்வித் திட்டங்கள் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். திட்டம் முடிந்த உடனே விளைவு அளவு, அதாவது பலன் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண், 0.34. பெரியது இல்லை, ஒதுக்கிவிடக் கூடியதும் இல்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த எண். சில காலம் கழித்து மறுபடி அளந்தபோது அதற்கு மேல் 0.17 கூடியிருந்தது. பள்ளியில் நாம் புதிதாக எதைச் செய்தாலும் சில மாதத்தில் அதன் பலன் கரைந்து போவதைத்தான் பார்க்கிறோம். இங்கே கூடியிருக்கிறது. தன்னைத்தானே கட்டுப்படுத்தும் உணர்வு, முடிவெடுத்தல் போன்றவற்றில் பலன் தெரிந்தது.

இதை எடுத்துக்கொண்டு போய் எந்த முகாமுக்கும் விளம்பரம் செய்துவிடாதீர்கள். திட்டத்துக்குத் திட்டம் பலன் மிகவும் வேறுபட்டது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 20 நாளுக்கு மேற்பட்டவை அதிகப் பலன் தந்தன. பங்கேற்றவர்களில் பெரியவர்களும் இருந்தார்கள். மூன்று நாள் முகாமுக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்ட முடியாது.

ஜூன் 7, காலை

ஒரு சின்ன வரலாறு, இன்று விடுமுறை என்பதால்.

இந்த முகாம்களின் மூதாதைகளில் ஒன்று 1941இல் வேல்ஸின் கடற்கரை ஊரான அபர்டோவியில் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி. தொடங்கியவர் கர்ட் ஹான், நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய கல்வியாளர். துணை நின்றவர் கப்பல் கம்பெனி நடத்திய லாரன்ஸ் ஹோல்ட். போர்க்காலம், கப்பல்கள் தாக்கப்பட்டு மூழ்கிக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறிய பிறகு, உடல் பலம் உள்ள இளம் மாலுமிகளைவிட வயதான மாலுமிகளே அதிகம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஹோல்ட் கருதினார். பலம் மட்டும் போதவில்லை, தன்மேலும் பக்கத்தில் இருப்பவர்மேலும் உள்ள நம்பிக்கை வேண்டியிருந்தது. அதற்கான பயிற்சியாகத்தான் பள்ளி தொடங்கியது.

அதற்கும் முன்னால் 1907இல், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாம். வசதியான பள்ளிப் பிள்ளைகளையும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளையும் ஒரே கூட்டத்தில் கலந்து, நாலு அணிகளாகப் பிரித்தார். கலந்தது தற்செயல் இல்லை, அதுதான் சோதனையே. இன்றைக்குப் பல பள்ளிகளில் ‘யார் யாரோடு இருக்க ஆசை?’ என்று கேட்டுக் கூடாரம் ஒதுக்குகிறார்கள். பழைய கூட்டாளிகளே மறுபடி ஒன்றாகத் தூங்கி எழுந்து திரும்புவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஜூன் 7, இரவு

போட்டி பற்றி ஒருவர் எழுதியிருந்தார்: அணி பிரித்து, புள்ளி போட்டு, கோப்பை கொடுத்தால்தானே பிள்ளைகளுக்கு உற்சாகம்?

1954இல் முசாஃபர் ஷெரிஃப் ஒக்லஹோமாவில் நடத்திய ராபர்ஸ் கேவ் சோதனையைச் சமூக உளவியல் படித்தவர்கள் அறிவார்கள். பதினொரு வயதை ஒட்டிய 22 பையன்கள், கோடை முகாம், இரண்டு அணிகள். கயிறு இழுத்தல், பந்து விளையாட்டு என்று போட்டி வைத்ததும் ஒருவர் கொடியை ஒருவர் எரித்தார்கள், இரவில் அறை புகுந்தார்கள். பகையைத் தீர்க்க ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், படம் காட்டினார்கள். பலிக்கவில்லை, இன்னும் கைகலப்பு. பிறகு இரண்டு அணியும் சேர்ந்தால் மட்டுமே தீரும் சிக்கல்களை முன்னால் வைத்தார்கள். தண்ணீர் வருவது நின்றது. உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. இரண்டு அணியும் சேர்ந்து லாரியைக் கயிறு கட்டி இழுத்தது. எந்தக் கயிறு தெரியுமா? போட்டியில் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறு.

இந்தச் சோதனைமேல் விமர்சனம் நிறைய. பெரியவர்கள் சண்டையை மூட்டிவிட்டார்கள் என்பது ஒன்று. ஒரு வருடம் முன்னால், 1953இல், இதே மாதிரி இன்னொரு முகாம் நடத்தி அது கைவிடப்பட்டது. அங்கே பையன்கள் முதலிலேயே கலந்து பழகிவிட்டதால், பிரித்த பிறகும் எதிரிகளாக மறுத்தார்கள். எனக்கு அந்தத் தோற்றுப்போன முகாம்தான் அதிகம் பிடிக்கும். முதல் நாள் நன்றாகப் பழகவிட்டால் பிறகு பெரியவர்களே நினைத்தாலும் பிரிப்பது கஷ்டம் என்று அது காட்டுகிறது.

ஆகவே என் பதில்: கோப்பை வேண்டாம். தடியும் கயிறும் கொடுத்து, எல்லாரும் ஓடையைக் கடக்கத் தெப்பம் கட்டச் சொல்லுங்கள். உற்சாகம் தானே வரும். நனைந்த பிறகு இன்னும் வரும்.

ஜூன் 10

மூன்று நாளாக ஒன்று உறுத்துகிறது. நான் எழுதியதையெல்லாம் சேர்த்துப் படித்தால் ‘முகாம் பிள்ளையின் குணத்தை மாற்றும்’ என்று சொல்வது போல இருக்கிறது. அதை நான் முழுதாக நம்பவில்லை.

ஆண்ட்ரூ புரூக்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2003இல் இதை நேராகவே எதிர்த்து எழுதினார். முகாமில் பிள்ளை நல்லபடி நடந்துகொள்கிறது என்றால் காரணம் அந்தச் சூழல், குணம் மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், சூழல் மாறினால் நடத்தையும் மாறும் என்பது அவர் வாதம். நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். மலையில் மற்றவர் பையையும் சேர்த்துச் சுமந்த பையன், அடுத்த திங்கட்கிழமை வரிசையில் முட்டித் தள்ளிக்கொண்டு நின்றான். நடிப்பு இல்லை. மலையில் அவன் சுமந்ததும் உண்மை, வரிசையில் தள்ளியதும் உண்மை.

இதை ஏற்றுக்கொண்டால் முகாமின் மதிப்பு குறையுமா? எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. நல்லபடி நடக்க வைத்தது சூழல் என்றால், அந்தச் சூழலில் என்ன இருந்தது என்று பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் விட்டுவிட முடியாத ஒரு வேலை இருந்தது. செய்யாவிட்டால் யாருக்குப் பாதிப்பு என்பது கண்ணெதிரே தெரிந்தது. அணி சிறியது, எட்டுப் பத்துப் பேர். ஆசிரியர் தூரத்தில் நின்றார். இந்த நாலும் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடியவைதான். நாற்பது பேர் வகுப்பில் எட்டுப் பேர் அணி அமைத்து, வாரம் முழுவதும் ஆய்வுக்கூடப் பொருள்களுக்கு அவர்களே பொறுப்பு என்று விடலாம். விட்டிருக்கிறோம். உடைந்த குடுவைகளின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

மைக்கேல் காஸ் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்று இதையே கற்பவர் பக்கத்திலிருந்து கேட்கிறது: முகாமில் கற்றது வேறு இடத்துக்கு எப்படிப் போகும்? தானாகப் போகாது, திட்டமிட்டு அனுப்ப வேண்டும் என்பது அவர் பதில். பெரும்பாலான பள்ளிகள் பேருந்து திரும்பியதும் வேலை முடிந்தது என்று நினைக்கின்றன.

ஜூன் 11

மெதுவாக நடக்கிற பிள்ளை எங்கே நடக்க வேண்டும்? கடைசியில் என்று பலர் நினைக்கிறார்கள். கடைசியில் விட்டால் முன்னால் போனவர்கள் நின்று ஓய்வெடுப்பார்கள், இந்தப் பிள்ளை மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதிக ஓய்வு வேண்டிய பிள்ளைக்கு ஓய்வே கிடைக்காது. முன்வரிசையில் இரண்டாவதாக விட வேண்டும். வேகத்தை அந்தப் பிள்ளை வைக்கட்டும்.

நான் இதை முதலிலேயே சொல்வதில்லை. அணியே கண்டுபிடிக்க விடுவேன், பார்வையிலிருந்து யாரும் தப்பாதபடி பின்னால் வருவேன். ஒருமுறை ஓய்வில் ஒரு மாணவி சொன்னாள்: “மிஸ், அவன் மெதுவா நடக்கலை. அவன் பையில அரிசியும் பாத்திரமும் இருக்கு, எங்க பையில சட்டை மட்டும் இருக்கு.” பையைத் திறந்து பிரித்துப் போட்டார்கள். சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும், இடுப்புப் பட்டையை இறுக்கினால் சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். இந்த ஞானமெல்லாம் அந்த ஒரு ஓய்வில், தரையில் பரப்பிய பொருள்களைச் சுற்றி உட்கார்ந்து, அவர்களே பேசி எடுத்தது. நான் பட்டையை மட்டும் காட்டினேன். உடல் கல்வி, சமூகக் கல்வி என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். அந்தப் பையில் இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன.

ஜூன் 12

பயப்படுகிற பிள்ளையைத் தள்ளிவிடலாமா? கூடாது.

1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய பிராஜெக்ட் அட்வென்ச்சர், சாகசக் கல்வியைப் பள்ளி உடற்கல்விப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ‘சவாலை நீயே தேர்ந்துகொள்’ என்ற கொள்கை அங்கிருந்து பரவியது. எவ்வளவு தூரம் போவது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யும்.

நடைமுறையில் சிக்கல் உண்டு. முப்பது பேர் ‘ஏறு, ஏறு’ என்று கத்தும்போது எது தேர்வு, எது நெருக்கடி? ஊக்கப்படுத்துகிறோம் என்று நினைத்துத்தான் கத்துகிறார்கள், மேலே நிற்பவர் காதில் அது வேறாக விழுகிறது. அதனால் ஏறுவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும்: உனக்கு எங்கே வரை போனால் போதும்? மாட்டிக்கொண்டால் நாங்கள் பேசலாமா, சும்மா இருக்கலாமா? ஒரு பையன் “நான் நின்னா யாரும் பேசக்கூடாது, நானே சொல்றேன்” என்றான். நின்றான். முப்பது பேரும் சும்மா இருந்தார்கள். ஐந்தடி உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கினான், கைதட்டினார்கள். அது அவன் சொன்ன இடம்.

ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கோட்பாட்டில், ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு நாலு ஊற்றுகள் சொல்கிறார். தானே செய்து வெல்வது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடம்பின் படபடப்பைப் புரிந்துகொள்வது. முதலாவதுக்குத்தான் வலு அதிகம். கத்துவது மூன்றாவது வகை. நாம் அதில்தான் சக்தியைச் செலவழிக்கிறோம்.

ஜூன் 15

கைபேசி. முகாமில் வாங்கி வைத்துவிடுவோம், பெற்றோர்கள்தான் பிள்ளைகளைவிடத் தவிக்கிறார்கள்.

2014இல் வெளியான யால்டா உல்ஸ் குழுவின் ஆய்வு இதற்குப் பொருத்தம். 51 பிள்ளைகள் ஐந்து நாள் திரையே இல்லாமல் இயற்கை முகாமில் இருந்தார்கள். 54 பேர் வழக்கம்போல் வீட்டிலும் பள்ளியிலும். முன்னும் பின்னும், முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் சோதனை. முகாம் போனவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். திரை இல்லாததால் வந்ததா, நாள் முழுக்க நேருக்கு நேர் பழகியதால் வந்ததா என்பதை அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. முகாமில் இரண்டும் சேர்ந்தே வருவதால் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

ஜூன் 18

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: ‘பாதுகாப்பை எப்படிச் சோதிப்பது? எல்லாரும் பாதுகாப்பு என்றுதான் சொல்வார்கள்.’

1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் பள்ளிப் பிள்ளைகள் படகுப் பயிற்சிக்குப் போய் நாலு பேர் இறந்தார்கள். அந்த மையத்தில் வேலை பார்த்து விலகிய பயிற்றுநர்கள் பல மாதம் முன்பே பாதுகாப்புக் குறைகளை எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அதன் பிறகுதான் 1995இல் அங்கே தனிச் சட்டம் வந்தது, இளைஞர்களுக்குச் சாகசப் பயிற்சி தரும் மையங்களுக்கு உரிமம் கட்டாயமானது. நாலு பிள்ளைகள் போன பிறகு வந்த சட்டம். இதை எழுதும்போது கை தயங்குகிறது.

சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள். இவற்றைக் கேளுங்கள்: வானிலை மோசமானால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள், ஏன்? பதில் உடனே, விவரத்தோடு வந்தால் நல்ல இடம். ‘நாங்கள் நிறுத்தியதே இல்லை’ என்று பெருமையாகச் சொன்னால் அங்கே அனுப்பாதீர்கள். விபத்து நேரவிருந்து தப்பிய சம்பவங்களை எழுதி வைக்கிறீர்களா? கயிறு, ஹெல்மெட் எந்த வருடம் வாங்கியது, பயன்பாட்டுப் பதிவேடு இருக்கிறதா? பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம்? சிக்னல் இல்லாத இடத்தில் எப்படிச் செய்தி சொல்வீர்கள்?

ஆசிரியர்களுக்கு ஒன்று. வெளியே பயிற்றுநர் இருக்கிறார் என்பதற்காக உங்கள் பொறுப்பு அவர் கைக்குப் போகாது. அவருக்கு மலை தெரியும், உங்களுக்குப் பிள்ளை தெரியும். ஆஸ்துமா பம்பை வெட்கத்தில் பைக்கு அடியில் ஒளித்து வைப்பது யார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் 21

ஒரு தாய் தனிச்செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். மகள் போக மாட்டேன் என்கிறாள், காரணம் சொல்லவில்லை.

என் அனுபவத்தில் ‘போக மாட்டேன்’ என்பதற்குப் பாறை காரணமாக இருப்பது குறைவு. மாதவிடாய் நாள் வந்துவிடுமோ, கழிப்பறை எப்படி இருக்குமோ, இரவில் படுக்கையை நனைத்துவிடுவேனோ, யார் பக்கத்தில் படுக்க வேண்டுமோ. இவைதான். எந்தச் சுற்றறிக்கையிலும் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. புறப்படுவதற்கு முந்தைய கூட்டத்தில் நாங்கள் இவற்றை முதலில் பேசுகிறோம், எல்லாருக்கும் பொதுவாக, யாரையும் கைகாட்டாமல்: நாப்கின் எங்கே இருக்கும், யாரிடம் கேட்கலாம், இரவில் எழுப்பிவிட வேண்டும் என்றால் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ‘வருகிறேன்’ என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

உடல் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். பார்வை குறைந்த மாணவர் ஒருவர் எங்கள் அணியில் பிலே செய்தார். கயிறு தளர்வதையும் இறுகுவதையும் அவர் கை மற்றவர்களுக்கு முன்னால் உணர்ந்தது. பக்கத்தில் ஒருவர் மேலே நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை ‘பார்வையாளராக’ உட்கார வைத்திருந்தால் அன்று மூன்று பேருக்குப் பாடம் போயிருக்கும்.

ஜூன் 28

இரண்டு பேர் ‘திரும்பிய பிறகு பள்ளியில் என்ன செய்ய வேண்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்றார்கள். சுருக்கமாகவே: கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். ‘நான் கற்றவை’ என்று தலைப்பு கொடுத்தால் நமக்குப் பிடித்ததை எழுதித் தருவார்கள். அணியை அதே அணியாக ஒரு பருவம் வைத்திருங்கள், உண்மையான ஒரு வேலை கொடுங்கள், மாதம் ஒருமுறை வட்டமாக உட்கார வைத்து ‘மலையில் சுமை பிரித்தது போல இங்கே பிரிக்கிறோமா?’ என்று கேளுங்கள். முதல் மாதம் மழுப்புவார்கள். இரண்டாம் மாதம் ஒருவர் ‘இல்லை’ என்பார். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஜூன் 30

முதலில் கேட்டவர் பிள்ளையை அனுப்ப முடிவு செய்துவிட்டாராம், புது ஷூ வாங்கலாமா என்கிறார். வாங்கலாம், ஆனால் இன்றே. குறைந்தது இரண்டு வாரமாவது வீட்டைச் சுற்றிப் போட்டு நடக்கட்டும், முகாமில் போடப்போகிற அதே கனமான சாக்ஸோடு. கால் நகத்தை ஒட்ட வெட்டி அனுப்புங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவின் முன்பக்கத்தை இடித்துக்கொண்டே வரும், நகம் நீண்டிருந்தால் கறுத்துவிடும். பாதத்தில் எங்காவது சூடாக உரசினால் கொப்புளம் வரும்வரை பொறுக்காமல் அப்போதே அணியை நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள். ‘நில்லுங்க, எனக்கு உரசுது’ என்று சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். அதை மட்டும் வீட்டிலேயே சொல்லிப் பழக்கி அனுப்புங்கள்.